தண்டவாளம் போன பின்னும் அக்கா திறந்த கேட்

அக்கா அவர்கள் நம்மை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இன்று வீட்டுக்கு வந்து, படத்துக்குப் பூப்போட்டு, இந்தச் சிறு புத்தகத்தையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இலை போட்டுச் சாப்பாடு போட்டால் போதாதா, புத்தகம் வேறு எதற்கு என்று கேட்டவர்கள் நம்மிலேயே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அக்காவைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமாகப் பேச்சு நடக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். எனவே நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது கோச்சடையில். எங்கள் அய்யாவுக்கு வைகைக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை இருந்தது. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். சிறு பெண்ணாக இருக்கும்போதே ஊர்க் கிணற்றடியில் அக்கா நின்றால் யாரும் முண்டியடிக்க முடியாது. பெரியம்மாவே அவசரமாகக் குடத்தை நீட்டினாலும், "நீங்க நாலாவது ஆளு பெரியம்மா, கொஞ்சம் பொறுங்க" என்பாராம். பெரியம்மா இதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லி வைதார். இந்தப் பெண் போகிற வீடு என்ன பாடு படப்போகிறதோ என்று அய்யாவும் கவலைப்பட்டார்.

போன இடம் வீடே இல்லை, ரயில்வே கேட். அக்காவுக்குக் கல்யாண வயது வந்தபோதுதான் மதுரையிலிருந்து மேற்கே மலையடிவாரம் வரைக்கும் புதிதாக ஒற்றைப் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். கரை கட்ட மண் சுமந்தவர்கள் எல்லாரும் சுற்றுவட்டாரத்து ஜனங்கள்தான். நம் ஆட்களும் கூடை தூக்கினார்கள், கேட் வந்த ஊருக்குத் தெற்கே இருந்த தெற்குத்தெருக் கூலி ஜனங்களும் தூக்கினார்கள். அப்படி மண் சுமக்கப் போய், ஜல்லி போடும் கூட்டத்தில் நிரந்தர வேலைக்கு அமர்ந்தவர்தான் எங்கள் மச்சான். காடு மேட்டில் கல்லைப் புரட்டுகிறவனுக்கா பெண் கொடுக்கிறாய் என்று அய்யாவைக் கேலி செய்தவர்கள் உண்டு. பாதை திறந்த கையோடு மச்சானுக்குக் கேட் காவல் கிடைத்தது. ஓடு வேய்ந்த ஒற்றை அறை வீடும், வாசலில் ஒரு வேப்பங்கன்றும், வெள்ளையடித்த இரண்டு கேட் கதவுகளும் சேர்ந்ததுதான் அக்காவின் குடித்தனம்.

அந்தப் பாதையைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது போய்ப் பார்த்தால் அங்கே கரையும் கருவேலமும்தான் இருக்கிறது. ஆட்கள் போக ஒரு வண்டி ஓடியது என்றாலும் அது சரக்குக்காகப் போட்ட பாதைதான். மலையிலிருந்து ஏலக்காயும் மரமும் வரும், இடையிலுள்ள கரிசல் காடுகளிலிருந்து பருத்தியும் கடலையும் வரும். இங்கிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் பிண்ணாக்கும் மேற்கே போகும். முன்பெல்லாம் மாட்டு வண்டியில் நாள் கணக்கில் உருண்டு வந்த சரக்கு, காலையில் ஏற்றினால் பொழுது சாய்வதற்குள் மதுரைக்கு வந்துவிடும். ஏலக்காய் மூட்டை ஏறிய பெட்டி கடந்து போனால் கேட் வீட்டில் பாயசம் காய்ச்சியது போல மணக்கும். எனக்கு மதுரை சிம்மக்கல்லில் கடலை மொத்தக் கடையில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் இந்தப் பாதையின் புண்ணியத்தால்தான். ஸ்டேஷனுக்குப் போய்ச் சரக்கை இறக்கி எடுத்துவர ஆள் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆள் வண்டியில் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிச் சில ஆண்டுகளில் மச்சானும் விஷக்காய்ச்சலில் போய்விட்டார். மச்சான் படுத்த படுக்கையாக இருந்த நாளெல்லாம் கொடி பிடித்தது அக்காதான் என்பது மேற்பார்வைக்கு வந்த இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். ஒரு நாள்கூடக் கேட் பிசகவில்லை என்பதும் தெரியும். அவர் எழுதிப் போட்டு, கேட்டை அக்கா பெயருக்கே மாற்றிக் கொடுத்தார். அய்யா போய்க் கோச்சடைக்குக் கூப்பிட்டார். "எனக்குத்தான் வேல இருக்கே, நான் எதுக்கு வாரேன்?" என்று அக்கா திருப்பி அனுப்பிவிட்டார்.

கேட்டில் அக்காவின் ஆட்சி எப்படி இருந்தது என்று கேட்டால், வண்டிக்காரர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். விசில் கேட்டுச் சாத்திவிட்டால் சாத்தியதுதான். சந்தைக்குப் போகிறவன், பெண் பார்க்கப் போகிறவன், யாராக இருந்தாலும் நிற்க வேண்டும். "அம்புட்டு அவசரமா இருந்தா நேத்தே கெளம்பியிருக்கணும் அண்ணே" என்பார். வண்டி போய்விட்டால் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல் திறப்பார். அதிலும் யாருக்கும் வித்தியாசம் கிடையாது. இந்தக் கடைசிப் பழக்கம்தான் வம்பை இழுத்துக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். தெற்குத்தெருவுக்கும் அவர்களுடைய சுடுகாட்டுக்கும் நடுவே வயல்கள் கிடக்கின்றன. பாதை போடுவதற்கு முன்னால் அவர்களுக்குப் பிணம் கொண்டுபோக வழி கிடையாது. வயல் காய்ந்து கிடக்கும்போது வரப்பு. மழைக்காலத்தில் இடுப்பளவு சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ரயில் வந்தபோது, கேட்டின் இருபுறமும் ரயில்வே இடத்தில் மண் ரோடு போட்டார்கள். அது அவர்கள் சுடுகாடு இருக்கும் கண்மாய்க்கரை வரை போய்ச் சேர்ந்தது. அதில் நடக்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. தெற்குத்தெரு ஜனங்கள் முதன்முதலாகக் கால் நனையாமல் தங்கள் செத்தவர்களைக் கொண்டுபோனது அந்த ரோட்டில்தான்.

ரோட்டை ஒட்டி இருந்தது பெரியவீட்டு அண்ணனின் களம். அவரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம், நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். அவருடைய அப்பாவின் நல்ல நஞ்சையைக் கிழித்துக்கொண்டுதான் ரயில் போனது. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இருந்தது நியாயம். களத்தில் நெல் கிடக்கும்போது பக்கத்தில் பிணம் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கும்போதே வந்து கேட்டார்.

"ஏத்தா தங்கச்சி, அவுங்க பாடையத் தூக்கிட்டு வந்தா, வண்டி வருதுன்னு சொல்லிக் கேட்டப் பூட்டிப்புடு. ரெண்டு தடவ நின்னா அவுங்களே பழைய வழிக்குப் போயிருவாங்க."

"வராத வண்டிய வருதுன்னு எப்படிண்ணே சொல்றது?"

"சொன்னா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

"நீ நம்ம வீட்டுப் பொம்பள. அத மறந்துறாத."

"வீட்டுல நான் உங்க தங்கச்சிதாண்ணே. கேட்டுல இருக்கயில கேட்டுக்காரி."

அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அவர் மேலே எழுதிப் போட்டால் வேலையும் வீடும் போகும். வேறு போக்கிடம் இல்லை. "அக்கா, எதுக்கு ஊர்ப் பகை? தலையாட்டிட்டுப் போயேன்" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது. "நீ மூட்டையத் தூக்கிட்டுப் போறவன், உனக்கு அம்புட்டுத்தான் தெரியும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று சாப்பிடாமலே ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. அன்றும் ஞாயிறு, நான் அங்கே இருந்தேன். பிற்பகல். அடுத்த ஸ்டேஷனில் சரக்கு வண்டி கிளம்பிய விசில் கேட்டது. அக்கா கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டு, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கொடியோடு நின்றார். சற்று நேரத்தில் தெற்குத்தெருவிலிருந்து ஒரு பாடை வந்தது. சோணை என்பவருடைய தகப்பனார் இறந்துபோயிருந்தார். மழை என்பதால் கூட வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான், அதிலும் பாதி வயதானவர்கள்.

வண்டி வரவில்லை. நனைந்த தண்டவாளத்தில், பருத்தியும் மரமும் நிறைந்த வண்டி மேட்டில் ஏற முடியாமல் சக்கரம் வழுக்கி, பின்னால் போய், மணல் தூவி, மறுபடி முயன்று கொண்டிருந்திருக்கிறது. இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் வலுத்துவிட்ட மழை இரைச்சலில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கிளம்பிய வண்டி எந்த நொடியும் வரலாம் என்பதால் கேட்டைத் திறக்கவும் கூடாது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. தூக்கிய பாடையை நடுவழியில் தரையில் வைக்கக் கூடாது, வைக்கிற இடம் சுடுகாட்டு வாசலில்தான். அவர்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி நின்றார்கள். ஒரு கிழவருக்குக் கால் நடுங்கியது.

சோணை கேட்டார்: "தாயி, வண்டி நெசமாவே வருதா, இல்ல பெரியவீட்டுல சொல்லி நிறுத்திட்டாங்களா?"

அக்கா எதையும் தாங்குவார், இதைத் தாங்க முடியவில்லை. முகம் கறுத்துப் போனது. விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். தாம் படுக்கும் கயிற்றுக் கட்டிலைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்து, கேட்டுக்கு முன்னால் மழையில் போட்டார். வீட்டில் இருந்த ஒரே கட்டில் அது.

"இதுல வையி. தரையில பட்டாத்தானே குத்தம்?"

சோணை பின்வாங்கினார். "தாயி, இது நீங்க படுக்குற கட்டிலு."

"கட்டிலு படுக்கத்தானப்பா. பெரியவர எம்புட்டு நேரம் தோள்ல வச்சிருப்ப? வையி."

வைத்தார்கள். பூவும் மழையுமாக அந்தக் கிழவர் எங்கள் அக்காவின் கட்டிலில் கிடந்தார். அக்கா கோணியை எடுத்து அவர் முகத்தில் மழை படாமல் பிடித்துக்கொண்டு, மறு கையில் கொடியோடு நின்றார். நான் தாழ்வாரத்தில் உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். இறங்கிப்போய்க் கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். கடைசியில் வண்டி இரைந்துகொண்டு வந்து போனது. அக்கா கேட்டைத் திறந்தார். சோணை போகும்போது அக்காவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஊர் இதைச் சும்மா விடுமா? நம் சொந்தத்தில் பலர் அக்கா வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். அவர்கள் யார் யார் என்று எழுதப் போவதில்லை, இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அவர்களுக்கே தெரியும். அக்கா கட்டிலைக் கழுவிக் காயவைத்து மறுநாளிலிருந்து அதிலேயே படுத்தார். நான் மட்டும் யோக்கியனா? அடுத்த ஞாயிறு போனபோது கட்டிலில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தேன். அக்கா அதைப் பார்த்தார், சோறு போட்டார்.

பிறகு யுத்தம் வந்தது. தண்டவாள இரும்பு எங்கேயோ தேவை என்று சொல்லி, பாதையையே பிடுங்கிக்கொண்டு போக உத்தரவாயிற்று. மலையடிவாரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். ஒரு சரக்கு வண்டி, தான் நின்ற பாதையைத் தனக்குப் பின்னால் கழற்றி, தன் முதுகிலேயே ஏற்றிக்கொண்டு, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மதுரையை நோக்கி வந்தது. எங்கள் கேட்டுக்கு வந்த அன்றும் அக்கா கேட்டைச் சாத்திப் பச்சைக் கொடி காட்டினார். வண்டி தாண்டியது. பின்னாலேயே ஆட்கள் வந்து தண்டவாளத்தைத் தூக்கினார்கள். சிம்மக்கல்லில் எங்கள் கடையில் கடலை வரத்து குறைந்தது. மாட்டு வண்டிகள் மறுபடி நாள் கணக்கில் உருள ஆரம்பித்தன.

மற்ற கேட்காரர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அக்காவுக்கு வந்த தாளில், மறு உத்தரவு வரும்வரை கேட்டையும் சாமான்களையும் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று இருந்தது. கொடி, விளக்கு, சாவி காணாமல் போகக் கூடாது என்பதுதான் அதன் பொருள். நான்தான் அதைப் படித்துச் சொன்னேன், சொன்னதோடு விளக்கியும் பார்த்தேன். அக்கா ஏற்கவில்லை. கேட்டைப் பார்த்துக்கொள்வது என்றால் திறக்கிற நேரத்தில் திறக்க வேண்டும் என்றார். தண்டவாளம் இல்லாத கேட்டைக் காலையில் திறந்து, பொழுது சாய்ந்தால் விளக்கை ஏற்றி மாட்டினார். இந்தப் பைத்தியக்காரத்தனத்தைப் பார்க்க அடுத்த ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

ஆனால் பைத்தியம் பிடித்தது அக்காவுக்கு இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. "ரயிலுக்குத்தான எங்கப்பன் நெலம் குடுத்தாரு? ரயிலு போயிருச்சு, நெலம் என்னுது" என்றார் பெரியவீட்டு அண்ணன். விடிந்து பார்த்தால் ரோட்டில் முள் வெட்டிப் போட்டிருக்கும். அக்கா கம்பால் இழுத்து ஓரம் போடுவார். மறுநாளும் கிடக்கும், மறுநாளும் இழுப்பார். கையெல்லாம் கீறல். பிறகு ஒரு நாள் ரோட்டை உழுவதற்கு ஏரே வந்துவிட்டது. அக்கா கேட்டைச் சாத்திவிட்டுச் சிவப்புக் கொடியை விரித்துக்கொண்டு மாட்டுக்கு முன்னால் போய் நின்றார். ஏர் ஓட்டி வந்தவன் பழக்கதோஷத்தில் மாட்டை இழுத்துப் பிடித்துவிட்டு, ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

பெரியவீட்டு அண்ணனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "ஏத்தா, வண்டி எங்கத்தா வருது?"

"வண்டி வராட்டி என்னண்ணே, கேட்டு இருக்குல்ல. எடுக்கச் சொல்லி உத்தரவு வரட்டும், எடுத்துக்கிறேன்."

நான் அக்காவைச் சிம்மக்கல்லுக்குக் கூப்பிட்டேன். என் வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன், தனி அறைகூட ஒழித்துப் போட்டிருந்தோம். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நான் வந்துட்டா அடுத்த மழையில அவுங்க எந்த வழியாப் போவாங்க?" என்றார். பிறகு, "மேல எழுதிப் போடணும். நீ எழுதுறியா, வேற ஆளப் பாக்கவா?" என்றார். எழுதினேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த மனுவில் தம்மைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை, எல்லாம் ரோட்டைப் பற்றித்தான். என் ஆயுளில் உருப்படியாக எழுதியது அது ஒன்றுதான் என்பேன்.

பதில் வரத் தாமதமானது. ஒரு தடவைக்கு நாலு தடவை எழுதினோம். கடைசியில் அதிகாரி ஒருவர் மோட்டாரில் வந்து இறங்கினார். சங்கிலி போட்டு அளந்தார், இரு பக்கமும் எல்லைக் கல் நட்டார். பாதை மீண்டும் போடும்வரை இடம் ரயில்வேயுடையது, ரோடு பொதுவழி, அடைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அதே கையோடு, கேட் இனி தேவையில்லை என்று கதவுகளைக் கழற்றி ஏற்றச் சொன்னார். அக்கா கொடிகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். சாவியோடு கொடுத்துவிட்டுக் கைநாட்டு வைத்தார். மோட்டார் போன பிறகு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதார். மச்சான் இறந்தபோதுகூட அக்கா அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

கேட் வீட்டில் இருந்துகொள்ள அனுமதி கிடைத்தது. பெரியவீட்டு அண்ணன் எல்லைக் கல்லைத் தொடவில்லை, அக்காவோடு பேசவும் இல்லை. நாலு ஆடு வைத்துக்கொண்டு அக்கா அங்கேயே காலம் தள்ளினார். சென்ற ஆண்டு மார்ச்சளி கண்டது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி மன்றாடினேன். "போறேன், போறேன்" என்பார், கிளம்ப மாட்டார். மூன்று வாரம் கிடந்து, ஒரு காலையில் கண் மூடினார். கடைசி ஒரு வாரம் நான் பக்கத்திலேயே இருந்தேன், அதே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து. அந்த ஆறுதல் ஒன்றாவது எனக்கு இருக்கிறது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மூன்று வாரமும் கஞ்சி வைத்துக் கொடுத்து, உடம்பு துடைத்துவிட்ட சோணையின் மனைவிக்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்வது? அடுத்த ஊரிலிருந்து தினமும் நடந்தே வந்து பார்த்த வைத்தியருக்கும், கோச்சடையிலிருந்து வந்து தோள் கொடுத்த இரண்டு மைத்துனர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மற்ற இரண்டு தோள் தெற்குத்தெருவைச் சேர்ந்தது. முன்னால் பிடித்தவர் சோணை. அது சிலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதவர்கள் அன்று வந்திருந்தால் அந்தத் தோளை அவர்களே கொடுத்திருக்கலாம்.

இன்னொருவர் பாக்கி. கேட் வீடு ரயில் பாதைக்குத் தெற்கே, நம் சுடுகாடு வடக்கே. ஆகவே அக்காவை அந்த ரோட்டில் பழைய பாதையைத் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும். நாங்கள் ரயில் கரையை நெருங்கும்போது எதிர்ப்பக்கம் பெரியவீட்டு அண்ணன் எருவண்டி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்களுக்கு முன்னால் அவர்தான் கரைக்கு வந்தார். ஒரு வண்டிக்குத்தான் அங்கே அகலம். சோணை நடையைக் குறைத்தார்.

அவர் மாட்டை நிறுத்தினார். வண்டியை விட்டு இறங்கி, பின்னுக்குத் தள்ளி ஓரமாக ஒதுக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பாடை அவர் கைக்கெட்டும் தூரத்தில் போனது. சோணையின் தோளும் போனது. அவர் விலகவில்லை. கொள்ளிச்சட்டியோடு முன்னால் போய்க்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "போங்கப்பா, மெதுவாப் போங்க. தங்கச்சி போகட்டும், பெறகு நான் போறேன்" என்றார்.

அன்று அவரை நிறுத்த அங்கே கேட் இல்லை. பெரியவீட்டு அண்ணே, உங்களுக்கு என் நன்றி.